வஜ்ஜிர வாசனை

போன மாதம், பழம்பொருள் பராமரிப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். கறை எடுப்பது, விரிசல் அடைப்பது என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ஆன்ட்டி, இத்தனை வருஷத்துல நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?" என்று கேட்டாள். "ஒரு கிண்ணத்தை ரொம்ப நல்லா கழுவிட்டேன்" என்றேன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். விளக்கிச் சொல்வதற்குள் அடுத்த வகுப்புக்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். சிரித்துவிட்டுப் போன அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கென்று படித்தவள் இல்லை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பீங்கான் தொழிற்சாலையில், மின்கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைக் குமிழ்களைச் சோதிக்கும் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தேன். மரச்சுத்தியால் ஒரு தட்டு. 'ணங்' என்றால் வண்டிக்கு, 'தொப்' என்றால் குப்பைக்கு. தொண்ணூறுகளின் நடுவில் தொழிற்சாலையை மூடினார்கள். அதன் பிறகு வீட்டில் தட்டிப் பார்க்க என் கணவர் மணியைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எப்படித் தட்டினாலும் 'ணங்' என்றுதான் ஒலிப்பார்.

அப்போதுதான் ராயபுரத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஞானதுரை அண்ணாச்சி எனக்கு வேலை கொடுத்தார். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, வெயிலோ மழையோ கையில் குடை, வாயில் ஒரு பெப்பர்மின்ட். பழைய பங்களாக்களிலும் ஏலங்களிலும் வாங்கிய பீங்கான் தட்டுகள், சீன ஜாடிகள், சூப் கிண்ணங்கள் எல்லாம் அவர் கடைக்கு வந்து சேரும். உடைந்தவற்றைத் துணியில் சுற்றி என் வீட்டுக்கு அனுப்புவார். எங்கள் மாடி வீட்டுச் சமையலறையில் பாதி என்னுடையது, மீதிப் பாதி உடைந்த பீங்கானுடையது. "ஊர்ல பொம்பளைங்க தட்டு கய்வுனா சோறு வரும். என் பொண்டாட்டி தட்டு கய்வுனா அண்ணாச்சி வர்றாரு" என்று மணி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேலை முறையைச் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். பிளாஸ்டிக் டப்பில் பழைய துண்டை விரித்து, துண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி, சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுவேன். ஊறிய பிறகு உடைந்த விளிம்பை மட்டும் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பேன். விளிம்பில் ஒரு தூசி இருந்தாலும் அந்தத் தூசி அளவுக்கு இணைப்பு விலகும். ஒன்று விலகினால் அடுத்தது இன்னும் கொஞ்சம் விலகும். கடைசித் துண்டுக்கு இடமே இருக்காது. அப்புறம் பசை இல்லாமல் செல்லோ டேப்பால் ஒட்டிப் பார்த்து, எது முதல், எது கடைசி என்று பென்சிலால் எண் போடுவேன். அதற்குப் பிறகுதான் இரண்டு டியூப் பசையைக் கலப்பது. ஒட்டியதை மணல் தட்டில் சாய்த்து நிறுத்தி இறுக விடுவேன். காசிமேட்டு மணல்தான். உப்புப் போக ஏழெட்டுத் தண்ணீர் அலசி, வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்வேன்.

எண் போடாமல் அவசரப்பட்ட ஒரு நாள் உண்டு. பன்னிரண்டு துண்டுத் தட்டு ஒன்றில் பதினொன்றை அழகாக ஒட்டி, இறுகவும் விட்டுவிட்டேன். பன்னிரண்டாவது துண்டு எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே போகவில்லை. அதைச் சுற்றியிருந்த இடம் மூடிக்கொண்டுவிட்டது. அண்ணாச்சி வந்து பார்த்தார். திட்டவில்லை. அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்து, "எம்மா, இவன வெளிய நிறுத்திட்டு நீங்க எல்லாரும் உள்ள கதவச் சாத்திக்கிட்டிய" என்றார். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு மதியம் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் செலவழித்து மொத்தத்தையும் பிரித்து மறுபடி ஒட்டினேன்.

அவர் சரிபார்க்கிற விதமே தனி. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தை இணைப்பின் மேல் மெதுவாக ஓட்டுவார். நகம் எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்தி, கண்ணைத் திறக்காமல் என் பக்கம் நீட்டுவார். தட்டாவிட்டால், "சாப்பிட்டியா?" என்று கேட்பார். அவரிடம் வாங்கிய பாராட்டு எல்லாம் அந்த ஒரு சொல்தான். அதை வாங்கின நாளில் மணிக்குக் கருவாட்டுக் குழம்பு உறுதி.

ஏகாம்பரம் வந்தது நான் இந்த வேலையில் நன்றாகத் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியின் விருந்தினர் மாளிகையில் பரிமாறுகிறவர். வீடு கொருக்குப்பேட்டையில். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். சைக்கிள் கேரியரில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு, அதற்கு வலிக்குமோ என்கிற மாதிரி தள்ளியே வந்தார். பைக்குள் பழைய வேட்டியில் சுற்றிய பீங்கான் துண்டுகள். நீலப் பூ போட்ட பெரிய சீனக் கிண்ணம், இருபது வருடமாக அந்த மாளிகையின் சாப்பாட்டு அறையில் அலங்காரமாக நின்றது. அண்ணாச்சி கடையில் வாங்கியது என்பதால் மேனேஜர் அங்கே அனுப்ப, அண்ணாச்சி பையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் இங்கே அனுப்பியிருந்தார்.

"ஒட்டிக்குமாக்கா?" என்றார்.

"ஒட்டிக்கும். எப்டி உடைஞ்சிச்சு?"

"மெய்யாலுமே சொல்றேன்க்கா, நான் ஒடைக்கல. சேர்மன் வூட்டம்மா வர்றாங்கோ, எண்ணெப் பிசுக்கு போவணும், வென்னி ஊத்தி கய்வுன்னு மேனேஜர்தான் சொன்னாரு. கய்விகினே கீறேன், கைலயே புட்டுக்கிச்சு. கீய போடல, இட்ச்சுக்கல. ஒர்த்தரும் நம்ப மாட்டேன்றாங்கோ. மெமோ குட்த்துட்டாங்க. திங்கக்கெயம என்கொய்ரி. இருவத்தாறு வர்ஷம் சர்வீஸ்க்கா, வேல போய்டும்னு பேசிக்கிறாங்கோ."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு இந்தக் கதை பழகிப் போயிருந்தது. பூனை தள்ளியது, காற்று தள்ளியது, ரயில் போன அதிர்வில் விழுந்தது, தானாக உடைந்தது. நாலு வருடத்தில் என்னிடம் வந்த எந்தப் பாத்திரத்தையும் ஒரு மனிதக் கை உடைத்ததே இல்லை. அதனால் "சரி சரி, வுடுங்க" என்று சிரித்துக்கொண்டே பையை வாங்கி வைத்தேன். அவரும் சிரிக்க முயற்சி செய்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் துண்டுகளை டப்பில் அடுக்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்து பதினாறு துண்டுகளின் விளிம்பையும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பழுப்பாக ஏதோ கொழகொழவென்று வந்தது. பழைய அழுக்கு என்று நினைத்து இன்னும் ஆசையாகத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. டப்பைத் தூக்கித் தண்ணீரைக் கழிவுக் குழாயில் கவிழ்த்தபோதுதான் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது.

எங்கள் தெருமுனையில் ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கிற வஜ்ஜிரத்தை அங்கே தகரக் குவளையில் கொதிக்க வைப்பார்கள். மரம் ஒட்டுகிற பசை. அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அது என் சமையலறையில் எழுந்தது.

வஜ்ஜிரம் வெந்நீரில் இளகும். அப்படியானால் இந்தக் கிண்ணம் எப்போதோ ஒருமுறை உடைந்து, யாரோ வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இருபது வருடம் உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்த வரைக்கும் நின்றது. வெந்நீர் பட்டதும் விட்டது. ஏகாம்பரம் ஒரு வார்த்தை கூடப் பொய் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை நான்தான் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழிவுக் குழாயில் ஊற்றியிருக்கிறேன். பதினாறு துண்டும் பால்பல் மாதிரி சுத்தமாக இருந்தன. தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மணி வந்து, "இன்னாமே, மீனு கெட்டுப்போச்சா?" என்றார்.

அழுதபடியே துண்டுகளை டேப் போட்டுச் சேர்த்துப் பார்த்தேன். வாய்விளிம்பில் முக்கோணமாக ஒரு ஓட்டை. ஒரு துண்டு குறைந்தது. அது இன்னும் என் பிரஷ் படாமல் ஏகாம்பரம் வீட்டில் எங்காவது கிடக்கலாம். என் வேலையில் துண்டு குறைந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான். மணியின் சைக்கிள் பின்னால் ஏறி, கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போகும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு நின்று, ஏகாம்பரம் வீட்டைத் தேடிப் போனேன்.

அவர் வேலைக்குப் போயிருந்தார். மனைவி பவுனம்மாள் இருந்தார். காணாமல் போன துண்டு அவர்கள் வீட்டுச் சாமி மாடத்தில், அம்மன் படத்துக்கு முன்னால், மஞ்சள் குங்குமம் வைத்துப் பூ சுற்றி உட்கார்ந்திருந்தது.

"வேண்டிகினு வெச்சிக்கீறேன். வேல நெலச்சாதான் எடுப்பேன்" என்றார் பவுனம்மாள்.

"அத்த எடுத்தாதான் வேல நெலைக்கும்" என்றேன்.

நம்பவில்லை. வஜ்ஜிரக் கதையை இரண்டு முறை சொன்னேன். துண்டின் விளிம்பைக் காட்டினேன். பழுப்பு நிறத்தில் பசை காய்ந்து அப்படியே இருந்தது. ஒரு சொட்டு வெந்நீரைத் தொட்டு வைத்து முகரக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்து, "அய்ய, இன்னா கலீஜு" என்றவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்போ என் வூட்டுக்காரு போடலியா?" அந்தக் கேள்வியில்தான் தெரிந்தது, அந்த வீட்டிலேயும் முழு நம்பிக்கை இருந்திருக்கவில்லை. சூடம் காட்டிவிட்டுத் துண்டை என் கையில் கொடுத்தார்.

அங்கிருந்து நேராக அண்ணாச்சி கடை. குங்குமத்தோடு துண்டை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கன்னத்துக்குள் உருண்டுகொண்டிருந்த பெப்பர்மின்ட் நின்றுவிட்டது.

"இது எங் கைவேலைம்மா" என்றார்.

கடை போட்ட புதிதில் ஒரு பங்களா ஏலத்தில் எடுத்தாராம். கைவண்டியில் வரும்போது விழுந்து உடைந்துவிட்டது. கையில் இருந்த முதலெல்லாம் அந்தக் கிண்ணத்தில். தச்சரிடம் வஜ்ஜிரம் வாங்கித் தானே ஒட்டி, கோடு தெரியாமல் மேலே வண்ணம் தீட்டி, முழுக் கிண்ணம் என்று சொல்லி அந்த மாளிகைக்கு விற்றிருக்கிறார். சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு, "துண்ட இங்க வச்சிட்டுப் போ" என்றார்.

கம்பெனி விருந்தினர் மாளிகைகளும் கிளப்புகளும்தான் அவருடைய பெரிய வாடிக்கை. இது வெளியே தெரிந்தால் கடை நிற்காது. கடை நிற்காவிட்டால் எனக்கும் வேலை இல்லை. துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"தர மாட்டேன் அண்ணாச்சி."

"என்னய நம்பலியா?"

"ஒர்த்தர நம்பாம வுட்டதுக்கே இப்டி அல்லாடிகினு கீறேன். உங்கள நம்புறேன். ஆனா துண்ட தர மாட்டேன்."

"சரி, நீயே வச்சுக்கிடு. திங்கக்கிழம காலைல எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்புல நில்லு" என்றார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் வராவிட்டாலும் தனியாகப் போவது என்று முடிவு செய்துகொண்டேன். "போனா போவுது, திரும்பவும் என்னியே தட்டிப் பாத்துகினு குந்து" என்றார் மணி. அந்தப் பேச்சு எனக்குத் தெம்பாக இருந்தது.

திங்கட்கிழமை அண்ணாச்சி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் துணிப்பை, தோளில் வெந்நீர் பிளாஸ்க்.

விசாரணை அந்தச் சாப்பாட்டு அறையிலேயே நடந்தது. மேனேஜரும் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரம் வெள்ளைச் சீருடையில் சுவரோரம் நின்றார். அண்ணாச்சி பையிலிருந்து ஒரு சூப் தட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"சார், இத நல்லா பாருங்க. முழுசாத்தான இருக்கு?"

மேனேஜர் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

அண்ணாச்சி தட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்து, பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீரை ஊற்றினார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம் போனது. மூன்று நிமிடம் போனது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாச்சியின் நெற்றியில் வியர்வை இறங்கியது. அவர் அவ்வளவு நன்றாக ஒட்டித் தொலைத்திருந்தார்.

சுவரோரம் நின்ற ஏகாம்பரத்தால் பொறுக்க முடியவில்லை. "சார், சும்மா ஊத்துனா போவாது சார். சோப்பு போட்டு கய்வணும். நான் கய்வட்டுமா?" என்றார். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். இருபத்தாறு வருடம் பாத்திரம் பழகிய கை. தட்டைக் குழந்தை மாதிரி ஏந்தி, சோப்பு நுரையை வட்டம் வட்டமாகத் தேய்த்தார். இரண்டாவது வட்டத்தில் தட்டு சத்தமே இல்லாமல் நாலாகப் பிரிந்தது. இரண்டு துண்டு இடது கையில், இரண்டு வலது கையில்.

"இப்டித்தான் சார்! தோ, இப்டியேதான் சார் புட்டுக்கிச்சு!" என்று துண்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். விசாரணையில் நிற்கிறவர் மாதிரியே இல்லை, கேரம் போட்டியில் ஜெயித்தவர் மாதிரி இருந்தார். அதிகாரி சிரித்துவிட்டார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இது நான் சனிக்கிழம வஜ்ஜிரம் போட்டு ஒட்டுனது. ஒங்க கிண்ணமும் நான் ஒட்டுனதுதான். ஒடஞ்சத ஒட்டி, முழுசுன்னு சொல்லி வித்தேன். இவரு மேல குத்தம் இல்ல" என்றார். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் துண்டைக் கொடுத்தேன். மேனேஜர் விளிம்பைப் பார்த்தார், முகர்ந்தார், சட்டென்று தள்ளி வைத்தார். மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார்கள். கிண்ணத்தை ஒட்டி அனுப்புங்கள், இனிமேல் உங்கள் கடையில் எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார்கள். அண்ணாச்சி தலையாட்டிக்கொண்டார். "ஏகாம்பரம், எல்லாருக்கும் காபி கொண்டு வா" என்றார் மேனேஜர். "சூடா கொண்டாரலாமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் நகர்ந்தார்.

புறப்படும்போது ஏகாம்பரத்தைத் தனியாகக் கூப்பிட்டேன். அன்றைக்கு நான் அவரை நம்பவில்லை என்பதையும், பதினாறு துண்டையும் கழுவித் தொலைத்ததையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அய்ய, வுடுக்கா" என்றார். "எல்லாரும் நீதான் ஒடச்சேன்னு சொல்லிகினே இருந்தாங்களா, எனக்கே டவுட்டு வந்துச்சு. ஒருவேள நான்தான் கீய போட்டுட்டு மறந்துட்டனோன்னு ரெண்டு நாளா யோசிச்சிகினே இருந்தேன்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. யார் எதைக் கொண்டுவந்தாலும் தண்ணீரில் போடுவதற்கு முன்னால் உட்கார வைத்து, எப்படி உடைந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வேன். பூனைக் கதையாக இருந்தாலும் எழுதுவேன். பிறகு ஒவ்வொரு விளிம்பையும் காய்ந்த நிலையிலேயே வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். பிள்ளைகளே, கருவியெல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். இதை முதலில் செய்யுங்கள்.

எண்ணூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். வாடிக்கை போன நஷ்டக் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். திருவொற்றியூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"எம்மா, நான் வஜ்ஜிரம் போட்டு ஒட்டி வித்தது இன்னும் பதினோரு வீட்டுல இருக்கு. அங்கயும் யாராவது ஒருத்தி பாத்திரம் கழுவிக்கிட்டுதானம்மா இருப்பா."

மறுநாள் காலையில் இரண்டு பேருமாகக் கிளம்பினோம். முதல் வீடு பெரம்பூரில், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் வீடு. அழைப்பு மணியை அடித்ததும், கை முழுக்கச் சாம்பலும் சோப்புமாக வேலைக்காரப் பெண் ஒருத்தி வந்து கதவைத் திறந்தாள்.

"அய்யா குளிச்சிகினு கீறாரு. குந்துங்க" என்றாள்.

"அய்யாவ அப்புறம் பாக்குதோம்" என்றார் அண்ணாச்சி. செருப்பைக் கழற்றிவிட்டு, குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றார். "மொதல்ல ஒங்கிட்டதான் சொல்லணும் தாயி. இந்த வீட்டுல மஞ்சப் பூ போட்ட ஜாடி ஒண்ணு இருக்கும். அது என்னைக்காவது ஒங் கையில ஒடஞ்சா, ஒடச்சது நான்."